சத்தியம் முறிந்த பாலடின்: ‘பால்டர்ஸ் கேட் 3’-ல் வில்லனாகாமல் ஆடுவது எப்படி?

‘பால்டர்ஸ் கேட் 3’ ஆரம்பித்துக் கொஞ்ச நேரம்தான் ஆகியிருக்கும். கூண்டில் தொங்கும் லேஸெல் என்ற போராளியை மீட்க, கீழே நிற்கும் இரண்டு டீஃப்லிங்குகளை உங்கள் பாலடின் வெட்டிச் சாய்க்கிறார். சத்தியம் முறிந்தது என்கிறது கேம். ‘அட, ஒருத்தரைக் காப்பாத்தத்தானே செஞ்சேன்?’ என்று பழைய சேவைத் தேடத் தோன்றும். கொஞ்சம் பொறுங்க.

பாலடின், எடுத்த சத்தியத்திலிருந்தே சக்தி பெறும் போர்வீரர். பெல்ஜியத்தின் லேரியன் ஸ்டுடியோஸ் 2023 ஆகஸ்ட்டில் வெளியிட்ட இந்த கேமில் பக்தி, தொன்மை, பழிவாங்கல், கிரீடம் என நான்கு சத்தியங்களில் ஒன்றைத் தேர்வு செய்யலாம். ஐந்தாவதான ‘ஓத்பிரேக்கர்’ அந்தப் பட்டியலிலேயே இருக்காது. சத்தியத்தை மீறினால்தான் கிடைக்கும். மீறியதும், கவசம் அணிந்த ஓத்பிரேக்கர் வீரர் ஒருவர் முகாமுக்கு வருவார். அவரிடம் 1,000 தங்கக் காசு கொடுத்தால் பழைய சத்தியத்துக்கே திரும்பலாம். ஆட்டத்தின் தொடக்கத்தில் அது சின்னத் தொகை இல்லை.

இதன் மூலமான ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ விதிகளில், 2014 பதிப்பு ஓத்பிரேக்கரை வில்லன்களுக்கான வகையாகத்தான் வைத்திருந்தது. லேரியன் அதைத் தளர்த்திவிட்டது. பழிவாங்கல் சத்தியம் எடுத்தவரைப் பாருங்கள்: சிறைப்பட்ட சாஸா என்ற காப்ளினைத் தப்பவிட்டாலே சத்தியம் போய்விடும். இரக்கம் காட்டியதற்காக வீழ்ந்தவர் எப்படி வில்லன் ஆவார்?

கேம் உங்கள் செயலைத்தான் கணக்கில் எடுக்கும். மனதில் என்ன இருந்தது என்று கேட்காது. அந்த ‘ஏன்’ உங்கள் பொறுப்பு. சாஸாவை விட்டது பரிதாபத்தாலா, காப்ளின்களின் முகாமுக்கு வழி தெரியும் என்ற கணக்காலா? இரண்டுக்கும் ஒரே தண்டனைதான். ஆனால் அடுத்த 50 மணி நேரம் நீங்கள் ஆடப்போகும் ஆள் ஒரே ஆள் இல்லை. எதிரே வருபவரையெல்லாம் கொல்வது கிரே கேரக்டர் இல்லை, வெறும் சோம்பேறித்தனம். குழந்தைகள் மேல் கை வைக்க மாட்டேன், சரணடைந்தவரைக் கொல்ல மாட்டேன் என்று ஏதாவது ஒரு கோட்டை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள். அந்தக் கோடு நஷ்டம் தரும் இடத்தில்தான் ரோல்பிளே சூடுபிடிக்கும்.

சோதனைக்கும் குறைவிருக்காது. ஓத்பிரேக்கரால் நடைப்பிணங்களை அடக்கி ஆள முடியும். 7-வது லெவலில் வரும் வெறுப்பின் ஒளிவட்டம் உங்கள் அடியைப் பலமாக்கும். பக்கத்தில் நிற்கும் பிசாசுகளின் அடியையும்தான். 1,000 காசு சேர்ந்த பிறகும் அந்த வீரர் முகாமிலேயேதான் நிற்பார்.