மலைக்குப் பின்னாலிருந்து வரும் ஏவுகணை

ஹாலிஎலயில் கொழுந்து மலையில் நிற்பவர்களுக்கு ஹெலிகொப்டர் கண்ணில் படுமுன் காதில் விழுந்துவிடும். சத்தம் எந்தப் பக்கம் என்று தேடிக்கொண்டிருக்கும்போதே மலை முகட்டுக்கு மேலே அது எழும்பும். போர் ஹெலிகொப்டரின் தந்திரமும் இதுவே. மலையை மறைவாக வைத்துக்கொண்டு, சுடவேண்டிய நொடியில் மட்டும் தலைதூக்கும். அந்த நொடிகளைக் குறைக்கத்தான் விஞ்ஞானிகள் அறுபது, எழுபது ஆண்டுகளாகப் பாடுபட்டிருக்கிறார்கள்.

ரொக்கெட் வேறு, வழிகாட்டப்படும் ஏவுகணை வேறு. ரொக்கெட் கிளம்பிய பிறகு யார் சொல்லும் கேளாது. காற்றும் ஹெலிகொப்டரின் ஆட்டமும் அதைச் சிதறடிக்கும். ஏவுகணையோ பறக்கும்போதே தன் பாதையைத் திருத்திக்கொள்ளும். இலங்கை விமானப்படை 1995இல் சேர்த்துக்கொண்ட எம்ஐ-24 போர் ஹெலிகொப்டர் இந்த இரண்டையும் சுமக்கும் விதத்தில் சோவியத் நாட்டில் வடிவமைக்கப்பட்டது. ஹிங்குராக்கொடையில் உள்ள 9ஆம் இலக்கப் படையணி அதற்கென்றே அமைக்கப்பட்டது.

தொடக்கத்தில் வழிகாட்டியது வெறும் கம்பி. 1950களின் இறுதியில் பிரான்ஸ் தன் அலுவெட் ஹெலிகொப்டரில் எஸ்எஸ்-11 ஏவுகணையைப் பொருத்தியது. ஏவுகணை மெல்லிய கம்பியை அவிழ்த்துக்கொண்டே பறக்கும். சுடுபவர் சிறு கைப்பிடியால் அதைத் திருப்புவார். 3 கிலோமீற்றரைக் கடக்க ஏறக்குறைய 20 வினாடி. அதுவரை ஹெலிகொப்டர் எதிரியின் கண்ணெதிரே நின்றாக வேண்டும். 1972இல் வியட்நாமில் அமெரிக்கர் பயன்படுத்திய டோ ஏவுகணைக்கும் கம்பிதான். ஆனால் குறிக்கோட்டை இலக்கின்மேல் வைத்திருந்தால் போதும். மீதியைக் கருவி பார்த்துக்கொள்ளும். எம்ஐ-24இன் பிந்திய வகைகளில் ஏறிய ஷ்துர்ம், கம்பிக்குப் பதில் ரேடியோவால் வழிகாட்டப்பட்டு, ஒலியை விஞ்சிய வேகத்தில் 5 கிலோமீற்றர் பாய்ந்தது.

பிறகு லேசர் வந்தது. ஹெல்ஃபயர் ஏவுகணை, இலக்கில் பட்டுத் தெறிக்கும் லேசர் புள்ளியைத் தேடிப் போகும். அந்தப் புள்ளியைத் தரையில் இருப்பவரோ இன்னொரு ஹெலிகொப்டரோ வைக்கலாம். ஏவியவர் மலைக்குப் பின்னாலேயே இருந்துவிடலாம். 1991 ஜனவரி 17 அதிகாலை அப்பாச்சி ஹெலிகொப்டர்கள் ஈராக்கின் ராடார் நிலையங்களை ஹெல்ஃபயரை ஏவித்தான் தகர்த்தன. இந்தியாவின் ஹெலினா இன்னும் ஒரு படி மேலே போகிறது. இலக்கின் வெப்பப் படத்தை ஏவுமுன்பே பதிந்துகொண்டு, 7 கிலோமீற்றர் வரை தானே தொடர்ந்து செல்லும். 2022 ஏப்ரலில் துருவ் ஹெலிகொப்டரிலிருந்து அதை ஏவிச் சோதித்தார்கள்.

இதற்கெல்லாம் தடை போடுவது மலைதான். ஹெல்ஃபயர் ஒன்றின் எடை 45 கிலோவுக்கு மேல். தோட்டத்தில் இரண்டு நாள் முழுச் சம்பளத்துக்குப் பறிக்கச் சொல்லும் கொழுந்தைவிட அதிகம். உயரம் கூடக் கூடக் காற்று மெலியும். நம் பதுளை உயரத்தில் அடர்த்தி 6, 7 சதவீதம் குறைவென்றால், 5,000 மீற்றரில் 40 சதவீதம் குறைவு. சுழலும் அலகுகளுக்குப் பிடிப்புக் குறைய, ஏவுகணையை இறக்குவதா, எரிபொருளைக் குறைப்பதா என்ற கணக்கு வரும். மூடுபனி இன்னொரு தடை. ஹப்புத்தளையில் இறங்குவது போன்ற அடர்ந்த பனியில் லேசரும் வெப்பப் படமும் மங்கிவிடும். அதை ஊடுருவத்தான் லோங்போ வகை ஹெல்ஃபயருக்கு மில்லிமீற்றர் அலை ராடார் கொடுத்தார்கள்.

ஆக, தலைதூக்கும் நேரம் 20 வினாடியிலிருந்து சில நொடிகளாகச் சுருங்கியது. விமானியின் உயிருக்கு அது காப்பு. ஆனால் திரையில் தெரிவது டாங்கியா, ஆட்களை ஏற்றிவரும் உழவு இயந்திரமா என்று மனிதக் கண் பார்த்து முடிவெடுக்கும் நேரமும் கூடவே சுருங்கிவிட்டது. இலங்கை, கால் நூற்றாண்டுக்கு மேல் யுத்தத்தைப் பார்த்த நாடு. ஏவுகணை குறி தவறாது என்பதைத் தொழில்நுட்பம் உறுதிசெய்யலாம். குறி சரியானதுதானா என்பதற்கு, பொத்தானை அழுத்துபவரும் அழுத்தச் சொல்பவரும்தான் பொறுப்பு.