மூளைக் குழாய்களில் படியும் புரதமும் லார்ச் மரமும்

அல்சைமர் என்றதும் நரம்பணுக்களுக்கு நடுவே திரளும் அமைலாய்டு படிவுகளைப் பற்றித்தான் பேசுகிறோம். அதே புரதம் மூளையின் சிறு தமனிகளின் சுவரிலும் படிகிறது. 'செரிப்ரல் அமைலாய்டு ஆஞ்சியோபதி' என்னும் இந்த நோய், முதியவர்களுக்கு மூளையின் மேற்பரப்பை ஒட்டி ஏற்படும் ரத்தக்கசிவுக்கு ஒரு முக்கியக் காரணம். ரத்த அழுத்தம் சீராக இருப்பவர்களுக்கும் வரும் என்பதுதான் கவலைக்குரியது.

நரம்பணுக்கள் அன்றாடம் அமைலாய்டை உற்பத்தி செய்கின்றன. அதில் ஒரு பகுதி ரத்தக் குழாய்ச் சுவர்களின் வழியே வடிந்து வெளியேறுகிறது. வயதாக ஆக இந்த வடிகால் தூர்ந்துபோகிறது. தேங்கிய புரதம் குழாயின் தசையணுக்களை அழிக்கிறது. தசை போனால் குழாய்க்குத் தேவைக்கேற்ப விரியத் தெரியாது. உடல் எடையில் 2 சதவீதமே உள்ள மூளை, இதயம் அனுப்பும் ரத்தத்தில் ஏறக்குறைய 15 சதவீதத்தை வாங்கிக்கொள்ளும் உறுப்பு. அதற்கு இது பேரிழப்பு. குழாயின் துடிப்பு குறையக் குறைய வடிதலும் குறைந்து, படிவு இன்னும் கூடுகிறது.

ஜப்பானின் ஒசாகா பகுதியில் சுய்டாவில் உள்ள தேசிய மூளை, இதய நோய் மையத்தின் ஆய்வாளர்கள் 2017இல் வெளியிட்ட முடிவு இந்த இடத்தில்தான் முக்கியமாகிறது. குழாய்ச் சுவரில் அமைலாய்டு சேரும்படி மரபணு மாற்றப்பட்ட எலிகளுக்கு 'டாக்ஸிஃபோலின்' என்ற ஃபிளேவனாய்டைக் கொடுத்தார்கள். லார்ச் மரக்கட்டையில் நிறைய இருக்கும் இது, வெங்காயத்தில் உள்ள குவெர்செட்டினுக்கு நெருங்கிய உறவு. அமைலாய்டு மூலக்கூறுகள் சிறு கொத்துகளாகச் சேர்வதை அது தடுத்தது. மூளையில் அந்தக் கொத்துகள் குறைந்தன. ரத்தத்தில் அமைலாய்டு கூடியது. அதாவது, புரதம் வெளியேறத் தொடங்கியிருந்தது. மூளையின் ரத்த ஓட்டமும் எலிகளின் நினைவாற்றலும் மீண்டன.

இதைப் படித்துவிட்டு யாரும் மாத்திரைக் கடைக்கு ஓட வேண்டாம். எலியின் மூளையில் வென்று மனிதரிடம் தோற்ற மருந்துகள் அல்சைமர் ஆய்வில் ஏராளம். வெங்காயம் சாப்பிட்டால் இதே பலன் வரும் என்று சொல்லவும் ஆதாரமில்லை. எனக்கு இதில் பெரிதாகப் படுவது வேறு: படிந்ததை உடைப்பதைவிட, படியுமுன்பே வடியவிடும் யோசனை. ஏனென்றால், அமைலாய்டைக் கரைக்கும் லெகனமாப் போன்ற எதிர்ப்பொருள் மருந்துகளால் மூளையில் வீக்கமும் கசிவும் ஏற்படும் அபாயம், குழாய்களில் ஏற்கெனவே படிவு உள்ளவர்களுக்குத்தான் அதிகம்.

மனிதரிடம் பலனை அளக்க வழி இருக்கிறது. மினுக்கும் கறுப்பு வெள்ளைக் கட்டங்களைப் பார்க்கச் சொல்லி, மூளையின் பின்பகுதியில் ரத்த ஓட்டம் எவ்வளவு விரைவாக, எவ்வளவு உயர்கிறது என்று எம்.ஆர்.ஐ. மூலம் பார்க்கலாம். இந்த நோயாளிகளிடம் அந்த எழுச்சி தாமதமாகவும் குறைவாகவும் இருக்கிறது. தாவர மூலக்கூறு எதுவானாலும் அது கடக்க வேண்டிய சோதனைகளில் இதுவும் ஒன்று.