வண்ண லேசர் அச்சுப்பொறி: பள்ளி அலுவலகத்திற்கு வாங்குமுன் போட வேண்டிய கணக்கு

பள்ளி மானியத் தொகை வந்ததும் ஆசிரியர் கூட்டத்தில் எழும் கோரிக்கைகளில் வண்ண அச்சுப்பொறியும் இப்போது ஒன்றாகிவிட்டது. தொடக்கநிலை ஆசிரியருக்குப் பட அட்டைகள் வேண்டும். சமூக அறிவியல் ஆசிரியருக்கு நிலவரைபடம் வேண்டும். ஆண்டு விழா, அறிவியல் கண்காட்சி என்று வந்தால் பாராட்டுச் சான்றிதழ்கள் வேண்டும். எல்லாமே நியாயமான தேவைகள்தாம். ஆனால் சில பள்ளிகளில் வண்ண லேசர் அச்சுப்பொறி உறை போர்த்தப்பட்டு அலமாரியின் மேல் இருப்பதைப் பார்த்திருக்கிறேன். அதில் பழுது எதுவும் இருக்காது. நான்கு டோனர்களையும் மாற்றும் செலவைப் பள்ளியால் தாங்க முடியவில்லை, அவ்வளவுதான்.

எங்கள் நடுநிலைப் பள்ளியிலும் இந்தக் கேள்வி எழுந்தபோது, விவரங்களைத் திரட்டித் தருமாறு தலைமையாசிரியர் என்னிடம் கூறினார். அப்போது திரட்டியவற்றையும், எந்தப் பள்ளியும் தன் எண்களைப் பொருத்திப் பார்க்கக்கூடிய ஒரு கணக்கையும் இங்கே தருகிறேன்.

பொறி எப்படி இயங்குகிறது?

விலைப்பட்டியலைப் புரிந்துகொள்ள, உள்ளே நடப்பதைச் சற்று அறிந்திருப்பது நல்லது. தலைமுடியில் தேய்த்த சீப்பு காகிதத் துண்டுகளை இழுப்பதை வகுப்பில் செய்து காட்டுகிறோம். லேசர் அச்சுக்கும் அந்த நிலைமின்னியலே அடிப்படை. 1938 அக்டோபர் 22 அன்று நியூயார்க்கின் அஸ்டோரியா பகுதியில் ஒரு வாடகை அறையில் செஸ்டர் கார்ல்சனும் அவருடைய உதவியாளரும் கந்தகம் பூசிய துத்தநாகத் தகட்டைக் கைக்குட்டையால் தேய்த்து மின்னூட்டினர். எழுத்துகள் உள்ள கண்ணாடி வழியே அதன்மேல் ஒளி பாய்ச்சி, பொடி தூவி, எழுத்துகளை மெழுகுத் தாளில் பதித்தனர். அதிலிருந்து வளர்ந்த நகல் எந்திரம் 1959-இல் ஜெராக்ஸ் 914 என்ற பெயரில் வெளிவந்தது. 1970-களின் தொடக்கத்தில் அதே நிறுவனத்தின் ஆய்வாளர் கேரி ஸ்டார்க்வெதர், நகலெடுக்கும் ஒளிக்குப் பதிலாக லேசர் கதிரால் உருளையில் எழுதும் முறையை உருவாக்கினார்.

இன்றைய பொறியிலும் ஒளியுணர் பூச்சுள்ள டிரம் என்னும் உருளைக்கு முதலில் மின்னூட்டம் தரப்படுகிறது. லேசர் பட்ட இடங்களில் மின்னூட்டம் குறைகிறது. அந்த இடங்களில் டோனர் பொடி ஒட்டி, அங்கிருந்து தாளுக்கு மாறுகிறது. கடைசியாக ஃபியூசர் என்னும் சூடான உருளை அந்தப் பொடியை உருக்கித் தாளோடு பிணைக்கிறது. டோனர் என்பது நிறமி கலந்த நுண்ணிய பிளாஸ்டிக் பொடி, மை அன்று. கோடை விடுமுறை முழுவதும் பொறி சும்மா இருந்தாலும் அது உலர்ந்துபோகாது. மைப்பொறிகளில் நீண்ட விடுமுறைக்குப் பின் மைத்துளை அடைத்துக்கொள்ளும் தொல்லை உண்டு. இந்த ஒரு வகையில் பள்ளிக்கு லேசர் பொருத்தமானது.

வண்ணப் பொறியில் சயான், மெஜந்தா, மஞ்சள், கறுப்பு என நான்கு டோனர்கள் உள்ளன. நான்கிற்கும் தனித்தனி டிரம் வரிசையாக இருந்தால் தாள் ஒரே ஓட்டத்தில் வெளிவரும். ஒரே டிரம் நான்கு முறை சுழலும் அமைப்பில் வண்ணப் பக்கம் மெதுவாகவே வரும். விவரத்தாளில் நிமிடத்திற்குக் கறுப்பு 16 பக்கம், வண்ணம் 4 பக்கம் என்று இருந்தால் அது இரண்டாவது வகை என்று அறியலாம்.

வண்ணம் எங்கே தேவை?

பொறியைத் தேடுமுன் நம் தேவையை அளக்க வேண்டும். ஒரு மாதம் அச்சிட்ட ஒவ்வொரு தாளையும் நோட்டில் குறித்தேன். மாற்றுச் சான்றிதழ், பெயர்ப் பட்டியல், எமிஸ் விவரங்கள், வினாத்தாள், பயிற்சித்தாள் எல்லாம் சேர்த்து ஏறத்தாழ 800 பக்கங்கள் வந்தன. வண்ணத்தில் வேண்டும் என்று ஆசிரியர்கள் கேட்டவை ஏறத்தாழ 100.

அந்த நூறையும் இரண்டாகப் பிரிக்கலாம். வண்ணமே செய்தியாக இருக்கும் பக்கங்கள் ஒரு வகை. இயற்கை அமைப்பு வரைபடத்தில் பச்சை சமவெளியையும் பழுப்பு மலையையும் குறிக்கின்றன. லிட்மஸ் தாளின் மாற்றம், போக்குவரத்து விளக்குகள், முதல் வகுப்பின் நிற அட்டைகள் ஆகியவற்றை வண்ணமின்றிக் கற்பிக்க இயலாது. வண்ணம் வெறும் அழகாக இருக்கும் பக்கங்கள் மற்றொரு வகை. தலைப்பைச் சிவப்பில் போடுவதும் ஓரத்தில் பூங்கொடி வரைவதும் இதில் அடங்கும்.

ஒரு வண்ணத்தாளை அச்சிட்டு மீதி முப்பதைக் கறுப்பு வெள்ளை நகல் எடுக்கும் வழக்கத்தையும் இங்கே யோசிக்க வேண்டும். சிவப்பும் பச்சையும் நகலில் ஒரே சாம்பல் நிறமாகிவிடலாம். அப்போது பின்வரிசைக் குழந்தையின் கைக்குப் போகும் வரைபடத்தில் சமவெளிக்கும் மலைக்கும் வேறுபாடு இருக்காது. அத்தகைய பாடங்களுக்கு ஆளுக்கொரு சாம்பல் தாளை விட, குழுவிற்கு ஒரு நல்ல வண்ண அட்டை பயனுள்ளது. எண்ணிக்கையும் குறையும்.

விலைப்பட்டியல் சொல்லாதவை

பொறியோடு வரும் டோனர் பல மாதிரிகளில் தொடக்கநிலை டோனராக இருக்கும். கடையில் தனியே விற்கும் டோனரை விட அதில் பொடி குறைவு. ஆகவே முதல் டோனர் எத்தனை பக்கம் வரும், அடுத்து வாங்குவது எத்தனை பக்கம் வரும் என்று தனித்தனியே கேட்க வேண்டும்.

பக்க எண்ணிக்கைக்குப் பொது அளவுகோல் உண்டு. கறுப்பு வெள்ளைப் பொறிகளுக்கு ஐ.எஸ்.ஓ. 19752, வண்ணப் பொறிகளுக்கு ஐ.எஸ்.ஓ. 19798. விவரத்தாளில் இந்த எண் இருந்தால் இரண்டு மாதிரிகளை ஒப்பிட முடியும். இந்த அளவீடு பெரும்பாலும் வெள்ளையாக உள்ள அலுவலகப் பக்கங்களைக் கொண்டு செய்யப்படுவது. தாள் முழுவதும் படம் உள்ள பட அட்டைக்கு டோனர் பல மடங்கு செலவாகும்.

மாதாந்திர உச்ச அளவு என்று பெரிய எண் ஒன்று விளம்பரத்தில் இருக்கும். அது ஒரு மாதத்தில் பொறி தாங்கக்கூடிய எல்லை. பரிந்துரைக்கப்பட்ட மாத அளவு என்ற மற்றோர் எண் அதைவிட மிகக் குறைவாக இருக்கும். நாம் பார்க்க வேண்டியது இரண்டாவது எண்ணை.

டிரம், பெல்ட், ஃபியூசர், கழிவு டோனர் பெட்டி ஆகியவற்றுக்கும் ஆயுள் உண்டு. எவை டோனரோடு சேர்ந்து வருகின்றன, எவற்றைத் தனியே வாங்க வேண்டும் என்று எழுத்தில் கேளுங்கள். வண்ண டோனர் ஒன்று தீர்ந்தால் கறுப்பில் மட்டும் அச்சிட முடியுமா என்பதும் முக்கியமான கேள்வி. சில மாதிரிகள் நின்றுவிடும். மஞ்சள் தீர்ந்ததற்காக மாற்றுச் சான்றிதழ் காத்திருக்கக் கூடாது.

மூன்றாண்டுக் கணக்கு

கீழே உள்ள விலைகள் கணக்கு புரிவதற்காக நான் எடுத்துக்கொண்டவை. உங்கள் விலைப்புள்ளியில் உள்ள எண்களை இவற்றின் இடத்தில் போட்டுக்கொள்ளுங்கள். மாதம் 700 கறுப்புப் பக்கம், 100 வண்ணப் பக்கம், ஆண்டுக்கு 10 மாதம், மொத்தம் 30 மாதம் என்று கொள்வோம். தாள் செலவு எல்லாவற்றுக்கும் பொது என்பதால் விட்டுவிடுகிறேன்.

முதல் பொறியின் விலை ரூ.20,000. கறுப்பு டோனர் ரூ.3,600, 1,200 பக்கம் வரும், பக்கத்திற்கு ரூ.3. மூன்று வண்ண டோனர்களும் தலா ரூ.3,500, தலா 1,000 பக்கம். மூன்றும் சேர்த்துப் பக்கத்திற்கு ரூ.10.50. வண்ணப் பக்கத்தில் கறுப்பும் சேர்வதால் அதன் செலவு ரூ.13.50. மாதச் செலவு 2,100 + 1,350 = ரூ.3,450. முப்பது மாதத்திற்கு ரூ.1,03,500. பொறியின் விலையோடு ரூ.1,23,500.

இரண்டாவது பொறியின் விலை ரூ.30,000. கறுப்பு டோனர் ரூ.4,000, 2,000 பக்கம், பக்கத்திற்கு ரூ.2. வண்ண டோனர்கள் தலா ரூ.4,000, தலா 1,600 பக்கம். மூன்றும் சேர்த்து ரூ.7.50. வண்ணப் பக்கம் ரூ.9.50. மாதச் செலவு 1,400 + 950 = ரூ.2,350. முப்பது மாதத்திற்கு ரூ.70,500. பொறியின் விலையோடு ரூ.1,00,500. வாங்கும்போது பத்தாயிரம் மலிவாக இருந்த முதல் பொறி, மூன்றாண்டு முடிவில் இருபத்து மூவாயிரம் கூடுதலாகச் செலவு வைக்கிறது.

மூன்றாவது வழி: ரூ.15,000 விலையில் கறுப்பு வெள்ளை லேசர் பொறி, பக்கத்திற்கு ரூ.1.50. வண்ணப் பக்கங்களை வெளியே கடையில் ரூ.10 வீதம் எடுப்பது. மாதச் செலவு 1,050 + 1,000 = ரூ.2,050. முப்பது மாதத்திற்கு ரூ.61,500. மொத்தம் ரூ.76,500. இந்த எண்களின்படி இதுவே குறைவு.

ஆனால் கடை விலை மாறினால் முடிவும் மாறும். மூன்றாவது வழியோடு ஒப்பிடும்போது இரண்டாவது பொறிக்கு விலையில் ரூ.15,000 கூடுதல், மாதத்திற்கு ரூ.500. கறுப்புப் பக்கங்களில் மாதம் ரூ.350 கூடுதல். ஆக, வண்ணப் பக்கங்களில் மாதம் ரூ.850 மிச்சமானால்தான் அந்தப் பொறி ஈடுகட்டும். கடையில் பக்கம் ரூ.10 என்றால் மிச்சம் 50 காசு. மாதம் 1,700 வண்ணப் பக்கம் வேண்டும். ரூ.15 என்றால் 155 பக்கம் போதும். ரூ.20 என்றால் 81 பக்கமே போதும். பேருந்துக் கட்டணத்தையும் கடை விலையோடு சேர்க்க வேண்டும். பத்துப் பக்கத்திற்காக ஒருவர் நகரத்திற்குப் போய்வந்தால் அந்தப் பக்கங்களின் விலை இரட்டிப்பாகிவிடும்.

எங்கள் பள்ளி மூன்றாவது வழியை எடுத்தது. வண்ணத் தேவைகளை ஆசிரியர்கள் ஒரே பட்டியலில் எழுதுகிறோம். மாதம் ஒருமுறை ஒரே பயணத்தில் எடுத்து வருகிறோம். கடைக்குப் பாடப் பொருள்கள் மட்டுமே போகும். மாணவர் விவரங்களும் வினாத்தாள்களும் பள்ளிக்குள்ளேயே அச்சாகும். கடையே அருகில் இல்லாத பள்ளிக்கும், பல பிரிவுகள் கொண்ட மேல்நிலைப் பள்ளிக்கும் கணக்கு வேறு முடிவைத் தரலாம்.

வாங்குவது என்று முடிவானால்

கடையில் விற்பனையாளர் காட்டும் பளபளப்பான மாதிரிப் பக்கத்தை வைத்து முடிவு செய்ய வேண்டாம். நாம் வழக்கமாகப் பயன்படுத்தும் தாளில் ஒரு கட்டும், பென் டிரைவில் நம் கோப்புகளும் எடுத்துச் செல்லலாம். நான் சோதித்தவை இவை.

சிறிய எழுத்தில் ஒரு தமிழ்ப் பக்கம். புள்ளிகள் தெளிவாக உள்ளனவா, ணகர னகரச் சுழிகள் அடைபடாமல் உள்ளனவா என்று பார்க்க வேண்டும். மங்கலான எழுத்து, இப்போதுதான் எழுத்துக்கூட்டும் குழந்தையைத் தடுமாற வைக்கும்.

மெல்லிய வண்ணக் கோடுகள் உள்ள மாவட்ட வரைபடம். நான்கு நிறங்களும் சரியாகப் பொருந்தாவிட்டால் எல்லைக்கோட்டின் ஓரத்தில் வேறு நிறம் நிழல்போலத் தெரியும்.

ஒரு முகப்படம். தோலின் நிறம் சிவந்தோ பச்சை பாய்ந்தோ தெரியக் கூடாது.

இரு பக்கமும் அச்சிட்ட இருபது தாள்கள். தாள் சிக்குகிறதா என்பது இதில் தெரிந்துவிடும். கடைசித் தாளை விரலால் தேய்த்துப் பாருங்கள். பொடி உதிர்ந்தால் ஃபியூசர் சரியில்லை. உறக்க நிலையிலிருந்து முதல் பக்கம் வர எத்தனை நொடி ஆகிறது என்றும் குறித்துக்கொள்ளுங்கள். சான்றிதழுக்குப் பெற்றோர் வந்து நிற்கும்போது ஒரு தாளின் வேகம்தான் தேவை.

விலைப்புள்ளி கேட்கும்போது பொறியின் விலையோடு நான்கு டோனர்களின் விலை, பக்க எண்ணிக்கை, உத்தரவாதக் காலம், பழுதுநீக்குபவர் பள்ளிக்கே வருவாரா என்பவற்றையும் கேட்டுப் பெற்று, ஒப்பீட்டுப் பட்டியலாகப் பள்ளி மேலாண்மைக் குழுவின் முன் வைக்கலாம்.

பொறி வந்த பிறகு

ஃபியூசர் சூடாகும் நேரத்தில் மின்சாரத்தை அதிகமாக இழுக்கும். கணினிக்கான சிறிய யு.பி.எஸ்.-இல் லேசர் பொறியை இணைக்கக் கூடாது. நேரடியாகச் சுவர் இணைப்பில், நல்ல நிலக்கம்பியோடு இணைக்க வேண்டும். சுண்ணாம்புத் தூள் படாத, வெயில் விழாத இடத்தில் வைக்க வேண்டும். மழைக்காலத்தில் தாள் ஈரத்தை உறிஞ்சிக்கொண்டு சிக்கும். பிரித்த கட்டை மீண்டும் உறையிலேயே சுற்றி வையுங்கள்.

டோனர் சிந்தினால் உலர்ந்த துணியால் மெதுவாகத் துடைத்து, கையைக் குளிர்ந்த நீரில் கழுவ வேண்டும். வெந்நீரில் பொடி ஒட்டிக்கொள்ளும். டோனர் மாற்றும் வேலையை மாணவர்களிடம் தர வேண்டாம். மைப்பொறிக்கான பிளாஸ்டிக் தாளை லேசர் பொறியில் நுழைத்தால் ஃபியூசர் சூட்டில் உருகிவிடும். சான்றிதழ்களை வழவழப்பான பி.வி.சி. உறையில் நீண்டநாள் வைத்தால் எழுத்து உறையில் ஒட்டிக்கொண்டு வரலாம் என்பதைப் பெற்றோரிடமும் சொல்லுங்கள்.

அச்சிடும் அமைப்பில் கறுப்பு மட்டும் என்பதை இயல்பு நிலையாக வைத்துவிடுங்கள். இல்லையெனில் சாதாரணச் சுற்றறிக்கையில் உள்ள ஒரு நீலக் கோட்டுக்கும் வண்ண டோனர் செலவாகும். வண்ணம் வேண்டுபவர் அதைத் தாமே தேர்ந்தெடுக்கட்டும். பொறிக்கு அருகில் ஒரு நோட்டில் பக்க எண்ணிக்கையையும் எழுதட்டும். அடுத்த ஆண்டு டோனருக்கு எவ்வளவு ஒதுக்க வேண்டும் என்பதை அந்த நோட்டைப் பார்த்தே தலைமையாசிரியர் முடிவு செய்யலாம்.