கெட்டி மண்ணா, நல்ல மண்ணா?

வீடு கட்டப் போகிறவர்களிடம் "மனையில என்ன மண்ணுங்க?" என்று கேட்டால், பெரும்பாலும் "நல்ல கெட்டி மண்" என்றுதான் பதில் வரும். சித்திரையில் கடப்பாரை போட்டால் 'ணங்'கென்று திரும்பி வருகிற அதே மண், ஐப்பசி கார்த்திகையில் செருப்பைப் பிடித்துக்கொண்டு விடாது. அதனால் கெட்டி என்பதை மண்ணின் குணமாக எடுத்துக்கொள்ள முடியாது. அன்றைக்கு அதில் எவ்வளவு ஈரம் இருக்கிறது என்பதைத்தான் அது சொல்கிறது.

ஐயங்கார்குளத்தை நடவாவிக் கிணற்றுக்காகப் பலருக்குத் தெரியும். சித்ரா பௌர்ணமிக்கு வரதராஜப் பெருமாள் காஞ்சியிலிருந்து வந்து கிணற்றுக்குள் இருக்கும் மண்டபத்துக்கு இறங்குவார். எனக்கு இந்த ஊர் வேறொரு காரணத்துக்காக முக்கியம். ஒரு பக்கம் பாலாறு, அதன் மணல். இன்னொரு பக்கம் ஏரி, குளம், அவற்றின் களி. ஒரே தெருவில் இரண்டு மனைக்கு இரண்டு விதமான மண் வரலாம். முன்பு நெல் விளைந்த ஆயக்கட்டு நிலங்கள் இப்போது மனைகளாகின்றன. வாழ்நாள் சேமிப்பைப் போட்டு, கூடவே கடனும் வாங்கி, ஒரு குடும்பம் அங்கே அஸ்திவாரம் தோண்டுகிறது. "மூணடி போதும், கெட்டியா இருக்கு" என்று மேஸ்திரி சொல்வதோடு மண் பரிசோதனை முடிந்துவிடுகிறது.

மண்ணைக் கையால் அறிய ஒழுங்கான முறை உண்டு. 1911ல் ஸ்வீடனைச் சேர்ந்த அட்டர்பெர்க், எவ்வளவு ஈரத்தில் களி குழம்பாகிறது, எவ்வளவில் உதிர்கிறது என்று எல்லை வகுத்தார். இரண்டாம் உலகப் போரில் அவசர அவசரமாக விமானத் தளங்கள் போட வேண்டியிருந்தபோது, காசகிராண்டே அந்த எல்லைகளை வைத்து ஒரு வகைப்பாட்டை உருவாக்கினார். நம் நாட்டில் அதன் வழி வந்தது ஐ.எஸ். 1498. 1959ல் வெளிவந்து 1970ல் திருத்தப்பட்டது.

முதல் கேள்வி: கண்ணுக்குத் துகள் தெரிகிறதா? 75 மைக்ரான்தான் கோடு, ஏறக்குறைய வெறுங்கண்ணின் எல்லையும் அதுவே. எடையில் பாதிக்கு மேல் அதைவிடப் பெரிய துகள் என்றால் பருமண். அதில் 4.75 மில்லிமீட்டர் வரை மணல், அதற்கு மேல் 80 வரை சரளை. இதில் பெரிய சிக்கல் இல்லை.

துகள் தெரியாத நுண்மண்தான் ஆளை ஏமாற்றும். வண்டலும் களியும் பார்வைக்கு அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். பிரித்துப் பார்க்க மூன்று சோதனைகள், செலவு ஒரு செம்பு தண்ணீர்.

நெல்லிக்காய் அளவு மண்ணைக் குழைத்து உள்ளங்கையில் வைத்து, அந்தக் கையை மற்றக் கையில் தட்டிக் குலுக்குங்கள். மேலே தண்ணீர் வந்து பளபளத்து, விரலால் அமுக்கியதும் பளபளப்பு மறைந்தால் வண்டல் அல்லது நுண்மணல். களி எவ்வளவு குலுக்கினாலும் அசையாது.

அடுத்தது, முறுக்குக்கு மாவு உருட்டுவது போல 3 மில்லிமீட்டர் தடிமனுக்குத் திரி உருட்டுவது. மடித்து மடித்துத் திரும்ப உருட்டினால் ஈரம் குறைந்து ஒரு கட்டத்தில் உடையும். உடையும் தறுவாயிலும் விரலுக்கு விறைப்பாக எதிர்த்து நின்றால் நல்ல பிடிப்புள்ள களி. மெத்து மெத்தென்று இருந்து உதிர்ந்தால் வண்டல். மக்கிய பொருள் கலந்த மண்ணும் இப்படித்தான் மெத்தென்றிருக்கும், ஆனால் அதை மூக்கு காட்டிக்கொடுத்துவிடும்.

மூன்றாவது, வில்லையாகத் தட்டி வெயிலில் காயவைத்து ஒடிப்பது. விரலில் பொடியானால் வண்டல். இரண்டு கட்டைவிரலும் சேர்ந்து முயன்றும் ஒடியவில்லையென்றால் அது கொழுத்த களி, ஐ.எஸ். குறியீட்டில் சி.எச். அதாவது நீர்ம எல்லை 50 சதவீதத்துக்கு மேல். வீடு கட்டுகிறவர் அப்போதுதான் உஷாராக வேண்டும்.

ஏனென்றால் இந்த வகைக் களிகளில் பல, ஈரத்தில் உப்பிக் கோடையில் சுருங்குபவை. கோடையில் நிலம் விரல் நுழையும் அளவுக்கு வெடித்திருந்தால் சோதனையே தேவையில்லை, மண்ணே சொல்லிவிட்டது. அடுக்குமாடியின் பாரம் இந்த உப்பலை ஓரளவு அமுக்கிப் பிடிக்கும். ஒற்றைத் தளத்துக்கு அந்தக் கனம் இல்லை, அதனால் சுவர் தூக்கப்பட்டு ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாக விரிசல் ஓடும். சிமென்ட் பூசினால் அடுத்த கோடையில் திரும்ப வரும். சந்தேகம் இருந்தால் ஆய்வகத்தில் உப்பல் சோதனை கேட்கலாம். பத்துக் கிராம் சலித்த மண்ணைத் தண்ணீரிலும், பத்துக் கிராமை மண்ணெண்ணெயிலும் போட்டு ஒரு நாள் விடுவார்கள். மண்ணெண்ணெயில் களி உப்பாது, ஆகவே இரண்டுக்கும் உள்ள வித்தியாசமே உப்பலின் அளவு. இப்படிப்பட்ட மண்ணுக்காக ரூர்க்கியின் மத்திய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் உருவாக்கியதுதான் அடியில் குமிழ் விரிந்த பைல். பருவ ஈரம் எட்டாத ஆழத்துக்கு, பொதுவாக 3.5 மீட்டராவது, அது இறங்க வேண்டும். மூணடி எங்கே, இது எங்கே!

அதே சமயம் களியைத் திட்டவும் மனசு வரவில்லை. ஏரிக்கரை தண்ணீரைப் பிடித்து வைப்பது அதனால்தான். வீட்டுக்கு அடியில் நாம் விரும்பும் மணல், கரைக்குள் போனால் கசிவுக்கு வழி. பக்கத்து உத்திரமேரூரில் 921ஆம் ஆண்டுக் கல்வெட்டே ஏரி வாரியம் என்று தனிக்குழு பேசுகிறது. கரைக்கு எந்த மண் என்று ஒருத்தர் கையில் உருட்டிப் பார்க்காமலா இருந்திருப்பார்? (இது என் ஊகம்தான், கல்வெட்டில் இல்லை.)

குழி தோண்டும்போது ஒரு தாளில் எழுதி வையுங்கள்: எத்தனை அடியில் நிறம் மாறுகிறது, ஈரமா உலர்வா, கட்டைவிரல் அமுங்குகிறதா, நகம் மட்டும் பதிகிறதா, வெடிப்பு உண்டா, சுக்காங்கல் வருகிறதா, தண்ணீர் எந்த ஆழத்தில், எந்த மாதம். ஊர்ப்பெயரையும் விடாதீர்கள்: சவுடு, கரம்பை, கிராவல், எதுவானாலும். எந்த ஆழத்து மண்ணை ஆய்வகத்துக்கு அனுப்புவது என்று பொறியாளர் முடிவு செய்ய அந்தத் தாள் போதும். மாதத்தை மட்டும் மறக்க வேண்டாம், சித்திரையில் எழுதிய 'கெட்டி'க்கும் கார்த்திகையில் எழுதிய 'கெட்டி'க்கும் அர்த்தம் வேறு.