குளம் என்னுடையது, வெள்ளம் யாருடையது?

கொல்கத்தாவின் பவானிபூரில் பத்மபுகுர் என்றொரு பகுதி. பெயருக்குத் தாமரைக்குளம் என்று அர்த்தம். வீடுகள் நெருக்கியடிக்கும் அந்த நகரில் குளங்களுக்கு வரும் ஆபத்து மண் கொட்டி மூடிவிடுவதுதான். 5 கட்டாவும் அதற்கு மேலும் உள்ள நீர்நிலைகளை மூடக் கூடாதென்று மேற்கு வங்க உள்நாட்டு மீன்வளச் சட்டம் தடை போட்டிருக்கிறது. ஆனால் தோண்டிய குளம் உடையாது. அதன் நீர் தரைமட்டத்துக்குக் கீழே கிடக்கிறது.

ஓடையை மறித்து மண்கரை எழுப்பிய ஏரியின் கதை வேறு. அதன் நீர் கீழே உள்ளவர்களின் தலைக்கு மேலே நிற்கிறது.

தமிழ்நாட்டில் இதற்குப் பெயர் பெற்ற உதாரணம் கொடைக்கானல். 1863ல் மதுரை கலெக்டர் வேர் ஹென்றி லெவிஞ்ச், ஓடைகளை மறித்துத் தன் சொந்தச் செலவில் ஏரியை உருவாக்கினார். பாசனத்துக்காக அல்ல, படகு விடவும் பார்த்து ரசிக்கவும். தனிமனிதரின் பொழுதுபோக்கு இன்று நகராட்சியின் பொறுப்பு. எல்லா ஏரிகளுக்கும் இப்படி ஒரு வாரிசு கிடைப்பதில்லை.

கிடைக்காவிட்டால் என்ன ஆகும்? அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் கால்வாய்க்காகக் கட்டப்பட்ட சவுத் ஃபோர்க் மண் அணை, கைமாறிக் கைமாறிப் பணக்காரர்களின் மீன்பிடி கிளப் ஒன்றிடம் வந்தது. ஆண்ட்ரூ கார்னகியும் அதில் உறுப்பினர். அடிமதகுக் குழாய்களை முந்தைய உரிமையாளரே பிடுங்கிவிட்டிருந்தார். கிளப் மீண்டும் பொருத்தவில்லை. வண்டி போக வசதியாகக் கரையின் உயரம் குறைக்கப்பட்டது. மீன் தப்பாமலிருக்கக் கலிங்கில் வலை வைத்தார்கள். 1889 மே 31 அன்று கனமழையில் நீர் கரை மீது ஏறியது. கீழே ஜான்ஸ்டவுன் நகரில் இறந்தவர்கள் 2,209 பேர். வழக்குப் போட்டவர்களுக்கு கிளப்பிடமிருந்து ஒரு காசும் கிடைக்கவில்லை.

மண்கரை உடைவதற்கான காரணங்கள் பெரும்பாலும் இவைதாம்: கலிங்கு போதாமல் நீர் கரை தாண்டி வழிவது; கரைக்குள் கசிவு வழி பிடித்து மண்ணை அரிப்பது. நண்டு வளையும் எலி வளையும் பட்டுப்போன மரத்தின் வேரும் கசிவுக்குப் பாதை போடுகின்றன. கரையின் பின்புறம் தெளிந்த நீர் கசிந்தால் கண்காணிக்க வேண்டும். கலங்கலாக வந்தால் கரை கரைகிறது என்று பொருள். உடனே நீர்மட்டத்தை இறக்க வேண்டும். மதகு இல்லாத அணையில் அது முடியாது.

சட்டம் என்ன சொல்கிறது? இங்கிலாந்தின் ரைலண்ட்ஸ் வழக்கில் (1868), தன் நிலத்தில் நீரைத் தேக்கியவரே அது தப்பியோடி விளைவிக்கும் சேதத்துக்குப் பொறுப்பு என்று தீர்ப்பானது. அன்றைய சென்னை மாகாணத்தின் கார்வேட்டிநகரம் ஜமீனில் ஏரிகள் உடைந்து ரயில்வே பாலங்கள் அடித்துச் செல்லப்பட்டபோது, ரயில்வே கம்பெனி இதைத்தான் வாதிட்டது. பிரிவி கவுன்சில் 1874ல் மறுத்தது. மக்கள் பிழைப்புக்கு ஏரிகள் அவசியம்; அவற்றைக் காப்பது ஜமீன்தாரின் கடமை; அவர் அலட்சியமாக இருந்ததாக நிரூபிக்கப்படவில்லை என்றது. படகு விடத் தேக்கிய நீருக்கு இந்தச் சலுகையைக் கேட்பது கடினம்.

2021ன் அணைப் பாதுகாப்புச் சட்டம், பருவமழைக்கு முன்னும் பின்னும் அணையைச் சோதிக்க வேண்டுமென்று உரிமையாளரைக் கட்டாயப்படுத்துகிறது. ஆனால் அது 15 மீட்டருக்கு மேற்பட்ட அணைகளுக்கும், சில நிபந்தனைகளுக்கு உட்பட்ட 10 முதல் 15 மீட்டர் அணைகளுக்கும்தான். எஸ்டேட்டிலோ பண்ணை வீட்டிலோ உள்ள 6 மீட்டர் கரை இந்தக் கணக்கில் வராது.

ஆகவே, ஏரியோடு நிலம் வாங்குகிறவர் பத்திரத்தை மட்டும் பார்த்தால் போதாது. கரை யார் பெயரில் இருக்கிறது, கலிங்கு அடைபட்டிருக்கிறதா, மதகு திறக்கிறதா, உடைந்தால் நீர் எந்த ஊர் வழியாகப் போகும் என்று விசாரிக்க வேண்டும். அந்த ஊர்க்காரர்களுக்கு ஏரியில் பங்கு கிடையாது. வெள்ளத்தில் மட்டும் உண்டு.