மனு எழுதத் துணைக்கு யார்?

ஜவ்வாது மலையிலிருந்து இறங்கி வந்து திருவண்ணாமலையில் படிக்கும் ஒரு மலையாளிப் பழங்குடி மாணவிக்குச் சாதிச் சான்றிதழ் வேண்டும். மற்றவர்களுக்குத் தாலுகா அலுவலகத்திலேயே கிடைக்கும். பழங்குடியினருக்குக் கோட்டாட்சியர்தான் தர வேண்டும். சான்றிதழ் இழுபட்டால் ஸ்காலர்ஷிப்பும் இழுபடும். வேங்கிக்கால் கலெக்டர் ஆபீஸில் திங்கட்கிழமை மனு கொடுக்கலாம் என்பதைக்கூட யாராவது சொன்னால்தான் தெரியும். வீட்டில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் அவர். மூத்த மாணவர்களைத் தவிர வேறு யார் சொல்வார்கள்?

ஒடுக்கப்பட்ட மாணவர்களின் அமைப்புகளுக்கு இப்படி வழிகாட்டுவதுதான் முதல் வேலை. ஐதராபாத் மத்தியப் பல்கலைக்கழகத்தில் அம்பேத்கர் மாணவர் சங்கம் 1993-இல் தொடங்கியது. சென்னை ஐஐடியில் 2014 ஏப்ரல் 14, அம்பேத்கர் பிறந்தநாளன்று, அம்பேத்கர் பெரியார் வாசகர் வட்டம் பிறந்தது. ஆனால் இத்தகைய அமைப்புக்கே சிக்கல் வரலாம்: ஓராண்டு கழித்து வட்டத்தின் மீது மத்திய மனிதவள மேம்பாட்டு அமைச்சகத்துக்குப் பெயரில்லாத புகார் ஒன்று போனது. அமைச்சகம் அதை ஐஐடிக்கு அனுப்பி விளக்கம் கேட்டது. 2015 மே மாதம் வட்டத்தின் அங்கீகாரத்தை நிர்வாகம் ரத்து செய்தது. தங்கள் தரப்பைக் கேட்கவே இல்லை என்றார்கள் மாணவர்கள். நாடெங்கும் எதிர்ப்பு கிளம்ப, ஜூன் 7-ஆம் தேதி அங்கீகாரம் திரும்பக் கிடைத்தது. அங்கீகாரம் போனால் கூட்டம் நடத்த அரங்கம் கிடைக்காது, நிறுவனத்தின் பெயரையும் பயன்படுத்த முடியாது. கையெழுத்தில்லாத ஒரு கடிதத்துக்கு இவ்வளவு வலிமை இருந்திருக்கக் கூடாது.

சட்டம் என்ன சொல்கிறது? பல்கலைக்கழக மானியக் குழுவின் 2012 விதிகள்படி அதன் கீழ் வரும் ஒவ்வொரு உயர்கல்வி நிறுவனத்திலும் சம வாய்ப்பு மையமும் பாகுபாடு எதிர்ப்பு அலுவலரும் இருக்க வேண்டும். அந்த அலுவலர் நிர்வாகம் நியமிக்கும் பேராசிரியர். பேராசிரியர் மீதே புகார் என்றால் ஒரு மாணவி தனியாக அந்த அலுவலரின் அறைக்குப் போவாரா? கூட வர ஆள் வேண்டும். அந்த ஆளைத் தருவது மாணவர் அமைப்புதான்.

இந்த விதிகள் இருந்தபோதே, ஐதராபாத் மத்தியப் பல்கலைக்கழக ஆய்வு மாணவர் ரோஹித் வேமுலா 2016 ஜனவரியிலும், மும்பையில் மருத்துவர் பாயல் தட்வி 2019 மே மாதத்திலும், சாதிப் பாகுபாட்டுப் புகார்களுக்கு நடுவே உயிரிழந்தார்கள். 2012 விதிகள் ஏட்டளவில் நிற்பதாகச் சொல்லி அவர்களின் தாய்மார்கள் 2019-இல் உச்ச நீதிமன்றம் சென்றார்கள். 2026 ஜனவரியில் புதிய விதிகள் வந்தன; அதே மாதம் உச்ச நீதிமன்றம் அவற்றை நிறுத்தி வைத்து, பழைய விதிகளே தொடரட்டும் என்றது.

ஆகவே திருவண்ணாமலைக் கல்லூரி மாணவர்கள் இன்றே கேட்கலாம்: எங்கள் பாகுபாடு எதிர்ப்பு அலுவலர் யார்? கேள்வியை எழுத்தில் கொடுங்கள், பலர் சேர்ந்து கையெழுத்திடுங்கள், பெற்றுக்கொண்டதற்கான முத்திரையுடன் ஒரு நகலைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.