பேனல் கதவை மூடுங்கள்

மே மாதத்தில் எந்தச் சின்னத் தொழிற்சாலைக்குள் போனாலும் இதைப் பார்க்கலாம். மெஷினின் பேனல் கதவு அகலத் திறந்திருக்கும். எதிரே ஒரு பெடஸ்டல் ஃபேன் முழு வேகத்தில் சுற்றும். மோட்டாரை ஓட்டும் டிரைவ் சூடாகி டிரிப் ஆகிறதாம், அதற்கு வைத்தியம் இது.

சூட்டைப் பற்றிய பயம் நியாயமானதுதான். போர்டில் இருக்கும் எலக்ட்ரோலிட்டிக் கப்பாசிட்டரின் ஆயுள், வெப்பம் 10 டிகிரி கூடினால் ஏறக்குறைய பாதியாகக் குறையும். ஆனால் புதுச்சேரியின் கருவடிக்குப்பம் கடலுக்கு எட்டாத ஊரா என்ன? ஈசிஆர் ஓர வீடுகளில் இரும்புக் கேட் எப்படிப் பொரிந்து உதிர்கிறது என்று எல்லாருக்கும் தெரியும். பக்கத்துத் தட்டாஞ்சாவடி, மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டைகளுக்கும் அந்த உப்புக் காற்றுதான். அதைத்தான் ஃபேன் வைத்து, மெஷினைக் கட்டுப்படுத்தும் பிஎல்சி மேலும் கம்ப்யூட்டர் மேலும் அடிக்கிறோம்.

காற்றில் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால், போர்டில் படிந்த உப்பு தானே ஈரத்தை இழுத்துக் கரையத் தொடங்கும். புதுச்சேரியில் மழைக்காலத்துக்கு இது சாதாரண அளவு. செம்புக் கோடுகளுக்கு நடுவே மயிரிழை இடைவெளிதான். உப்புத் தண்ணீர் அங்கே மின்சாரத்துக்குப் பாதை போட்டுவிடும். மெஷின் ஒரேயடியாக நிற்காது. காலையில் மக்கர் பண்ணும், வெயில் ஏறியதும் ஒழுங்காக ஓடும். மெக்கானிக் வந்து பார்க்கும்போது குறையே இருக்காது. பச்சை பூத்த கனெக்டரைக் கழற்றிப் பார்க்கிற வரை புரோகிராமைத்தான் திட்டிக்கொண்டிருப்பார்கள்.

ஃபேனே இல்லாத, முழுக்க மூடிய தொழிற்சாலைக் கம்ப்யூட்டர் வாங்கினால் தொல்லை தீரும் என்பவர்கள் உண்டு. வசதி இருந்தால் வாங்கலாம். அதையும் ஓட்டைப் பெட்டிக்குள் வைத்தால் கனெக்டரும் பவர் சப்ளையும் எப்படித் தப்பும்?

ஓட்டைதான் என் பெரிய கவலை. பேனல் வரும்போது ஐபி65 என்று முத்திரையோடு வருகிறது. அதாவது தூசி நுழையாது, தண்ணீரைப் பீய்ச்சினாலும் தாங்கும். ஆறு மாதத்தில் புது சென்சாருக்கு ஒரு வயர் தேவைப்படும். எலக்ட்ரீஷியன் டிரில் போடுவார், ஓட்டையை அடைக்கும் கேபிள் கிளாண்ட் கையில் இருக்காது, வயரை அப்படியே விட்டுவிடுவார். அந்த நிமிடமே ஐபி65 செத்துப்போச்சு. பிறகு அந்த வழியாகப் பல்லி வரும். உள்ளே கதகதப்பு, வெளிச்சத்துக்கு வரும் பூச்சி வேறு. ஒருநாள் இரண்டு ஃபேஸுக்குக் குறுக்கே விழுந்து, தானும் கருகி, பிரேக்கரையும் தட்டிவிடும். ஒரு கிளாண்டின் விலை ஒரு வேளைச் சாப்பாட்டுக் காசுகூட இல்லை!

பேனல் ஏசி போட்டவர்களும் தப்பு செய்கிறார்கள். 20 டிகிரியில் வைத்துவிட்டு, அவசரத்துக்குக் கதவைத் திறப்பார்கள். வெளியே இருக்கும் ஈரக்காற்று உள்ளே புகுந்து, குளிர்ந்த போர்டு மேல் முத்து முத்தாக வியர்க்கும். 35 டிகிரியே போதும். கதவு திறந்தால் ஏசி தானே நிற்கும்படி ஒரு சுவிட்ச் வையுங்கள். கம்ப்ரஸர் காற்றால் போர்டைச் சுத்தம் செய்யவே கூடாது. அந்தக் காற்றில் தண்ணீரும் எண்ணெயும் கலந்து வரும்.

ஈரக்காற்று மட்டுமல்ல, வெள்ளமும் உண்டு. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. ஒரே நாளில் 48 செ.மீ.க்கு மேல் மழை. தரையோடு தரையாக யுபிஎஸ்ஸும் சிபியுவும் வைத்திருக்கும் இடத்தில் அப்படி வெள்ளம் புகுந்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. இரண்டடி உயர ஆங்கிள் ஸ்டாண்டு ஒன்றை வெல்டிங் பட்டறையில் சொன்னால் செய்து தருவார்கள். நனைந்துவிட்டால், ஓடுகிறதா என்று பார்க்க சுவிட்சைப் போடாதீர்கள். பேட்டரியைக் கழற்றி, சேறும் உப்பும் போக டிஸ்டில்டு வாட்டரில் போர்டைக் கழுவி, நன்றாகக் காயவைத்து, தெரிந்தவரிடம் காட்டிய பிறகு கரண்ட் கொடுங்கள்.